ரசிகன் வராத மைதானம்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கால்பந்து. ஆனால் கோல்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. கோப்பைகளைப் பற்றிப் பேசப் போவதில்லை. மெஸ்ஸியா, ரொனால்டோவா என்ற வழக்கையும் இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்துவிடுகிறேன். தான் உயிராக நேசிக்கும் கிளப்பின் வாசலிலேயே நின்று, அந்தக் கிளப்பின் நிர்வாகத்தை எதிர்த்துக் கோஷம் போடுகிறானே ஒரு ரசிகன், அவனைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏன் அப்படிச் செய்கிறான்? அப்படிச் செய்ய அவனுக்கு என்ன உரிமை? செய்ததால் ஏதாவது மாறியிருக்கிறதா?

ஒரு ஹோட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்த ஹோட்டலுக்குப் போய்விடுகிறோம். யாரும் நம்மைத் தடுப்பதில்லை. கால்பந்து ரசிகன் அப்படிப் போக முடியாது. லிவர்பூல் ரசிகனிடம் போய், "உங்கள் நிர்வாகம் சரியில்லை, பேசாமல் எவர்ட்டன் பக்கம் வந்துவிடு" என்று சொல்லிப் பாருங்கள்! அவனுடைய தாத்தா பார்த்த அணி, அப்பா பார்த்த அணி, அவன் பிறப்பதற்கு முன்பே அவனுக்கு முடிவாகிவிட்ட அணி. இந்த உண்மை ரசிகனுக்குத் தெரியும். உரிமையாளருக்கும் தெரியும். விலையை ஏற்றினாலும் வருவான், மைதானத்தை விற்றாலும் வருவான், எங்கே போய்விடுவான் என்ற துணிச்சல் அங்கிருந்துதான் பிறக்கிறது. நான் சொல்லப்போகும் கதைகள் அத்தனைக்கும் வேர் அந்தத் துணிச்சல்தான்.

இவர்கள் போராடுவது தோல்வி தாங்காமல்தான், அணி ஜெயிக்க ஆரம்பித்தால் தானாக அடங்கிவிடுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சரி, மான்செஸ்டர் யுனைடெட்டை எடுத்துக்கொள்வோம். 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் அது. 2005 மே மாதம் அமெரிக்காவின் கிளேஸர் குடும்பம் அதைக் கைப்பற்றியது. விலை ஏறத்தாழ 79 கோடி பவுண்டு. பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கடன். அந்தக் கடன் யார் தலையில் ஏறியது? கிளப்பின் தலையில்! அதுவரை கடனே இல்லாமல் இருந்த கிளப், தன்னை வாங்கியவர்கள் பட்ட கடனுக்குத் தானே வட்டி கட்டத் தொடங்கியது. ரசிகன் கொடுத்த டிக்கெட் காசு வட்டிக்குப் போனது.

அந்த ஆண்டே ஒரு பகுதி ரசிகர்கள் வெளியேறி, எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கென ஒரு சிறிய கிளப்பைத் தொடங்கினார்கள். உள்ளே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 2010-இல் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் முழுவதும் பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத் துண்டுகள். அது பழைய நியூட்டன் ஹீத் அணியின் நிறம். அந்த மார்ச்சில் எதிரணிக்காக ஆட வந்திருந்த முன்னாள் யுனைடெட் வீரர் டேவிட் பெக்கமே, ஆட்டம் முடிந்து போகும்போது அந்தத் துண்டு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது யுனைடெட் தோற்றுக்கொண்டா இருந்தது? 2007, 2008, 2009 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியர் லீக் சாம்பியன். 2008-இல் ஐரோப்பிய சாம்பியன். கை நிறையக் கோப்பைகளோடு இருந்த ரசிகர்கள்தான் அந்தத் துண்டைப் போட்டார்கள். தோற்ற ஆத்திரத்தில் போராடுகிறவன் அடுத்த வெற்றியோடு வீட்டுக்குப் போய்விடுவான். இவர்கள் வென்ற பிறகும் போகவில்லை. கணக்குக் கேட்டார்கள்.

இனி நான் உங்களை அழைத்துப்போக விரும்பும் ஊர் பிளாக்பூல்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஒரு கடற்கரை ஊர். தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடை விடுமுறைக்குப் போன ஊர். அதன் அணி ஆரஞ்சு நிறச் சட்டை அணியும். 1953-இல் ஸ்டான்லி மேத்யூஸ் என்ற மேதை ஆடிய இறுதிப் போட்டியில் எஃப்ஏ கோப்பையை வென்ற அணி. அதற்குப் பிறகு நெடுங்காலம் இறக்கம். திடீரென்று 2010-இல் ஓர் அதிசயம் நடந்தது. இந்தச் சின்ன ஊர் அணி பிரீமியர் லீகுக்கு ஏறியது. ஒரே ஒரு சீசன்தான், அடுத்த ஆண்டே இறங்கிவிட்டது. ஆனால் பிரீமியர் லீகில் ஒரு சீசன் என்றால் ஒளிபரப்புப் பணம் கோடிக்கணக்கில் கொட்டும். அந்தப் பணத்தில் நல்ல பயிற்சி மைதானம் கட்டலாம், இளம் வீரர்களை வளர்க்கலாம், கிளப்பை ஐம்பது வருடத்துக்கு நிமிர்த்தி வைக்கலாம்.

என்ன நடந்தது? பணம் உரிமையாளரான ஆய்ஸ்டன் குடும்பத்தின் நிறுவனங்களுக்குப் போனது. ஒரே ஆண்டில், குடும்பத் தலைவரின் நிறுவனம் ஒன்றுக்கு மட்டும் 1 கோடியே 10 லட்சம் பவுண்டு. 2014 கோடையில், புதிய சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்த நேரத்தில், அந்தக் கிளப்பில் ஒப்பந்தத்தில் இருந்த வீரர்கள் எத்தனை பேர் தெரியுமா? எட்டுப் பேர். கால்பந்து ஆடப் பதினொரு பேர் வேண்டும் என்பது இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்!

ரசிகர்கள் கேள்வி கேட்டார்கள். கேட்டவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். தன் சொந்தக் கிளப்பின் ரசிகர்களையே அவதூறு வழக்கில் நீதிமன்றத்துக்கு இழுத்தது அந்த நிர்வாகம். வயதான ஒரு ரசிகர் 20 ஆயிரம் பவுண்டு கட்ட வேண்டி வந்தது. மற்ற ரசிகர்கள் கூடி நிதி திரட்டிக் கொடுத்தார்கள்.

கோஷம் போட்டார்கள், பயனில்லை. 2015 மே மாதம் ஆட்டத்தின் நடுவே மைதானத்தில் இறங்கி உட்கார்ந்தார்கள். ஆட்டமே கைவிடப்பட்டது. அப்போதும் நிர்வாகம் அசையவில்லை. பிறகுதான் அந்த முடிவு. இனி ஒரு பென்னிகூடக் கொடுக்க மாட்டோம். டிக்கெட் வாங்க மாட்டோம். சட்டை வாங்க மாட்டோம். மைதானத்துக்குள் வாங்கும் தேநீருக்குக்கூடக் காசு கொடுக்க மாட்டோம். உள்ளே வரவே மாட்டோம்.

இதைச் சொல்வது எளிது நண்பர்களே. செய்து பார்த்தால்தான் தெரியும். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. நாற்பது வருடமாகப் போய்ப் பழகிய இடம். அணி உள்ளே ஆடுகிறது, நீங்கள் வெளியே. ஒரு வாரமா? ஒரு மாதமா? ஆண்டுக்கணக்கில் அப்படி இருந்தார்கள். 2015-இல் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு, மைதானத்துக்குள் கால் வைக்கும்போது ஒன்பது வயது ஆகியிருக்கும்.

இதில் என் மனதை மிகவும் உலுக்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதற்குள் நான்காம் பிரிவு வரை சரிந்துவிட்ட பிளாக்பூல், 2017 மே மாதம் மேலே ஏறுவதற்கான இறுதிப் போட்டிக்கு வந்தது. எங்கே? வெம்ப்ளியில்! 90 ஆயிரம் பேர் அமரும் மைதானம், இங்கிலாந்து ரசிகன் ஒவ்வொருவனும் தன் அணியை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கும் மைதானம். பெரும்பாலான பிளாக்பூல் ரசிகர்கள் போகவில்லை. இரு தரப்பும் சேர்ந்து மொத்தமே 23 ஆயிரம் பேர்தான். அணி 2-1 என்று வென்றது. பார்க்க வேண்டியவர்கள் வீட்டில் இருந்தார்கள். சொல்லுங்கள், அன்று உள்ளே போனவர் அதிகமாக நேசித்தாரா, போகாதவர் அதிகமாக நேசித்தாரா? போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் போட்டிக்குப் போகாமல் இருக்க என்னால் முடிந்திருக்குமா என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் போகாதவர்களின் முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறுபான்மைப் பங்குதாரர் ஒருவர் தொடுத்த வழக்கு. கிளப்பின் பணத்தை உரிமையாளர்கள் முறையின்றி உரித்தெடுத்தார்கள் என்று நீதிபதி கண்டார். அந்தப் பங்குதாரருக்கு 3 கோடியே 12 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னார். ரசிகர்கள் இத்தனை வருடம் தெருவில் நின்று சொன்னதை நீதிமன்றம் சட்டத்தின் மொழியில் சொன்னது. பணம் முழுமையாக வரவில்லை. 2019 பிப்ரவரியில் நீதிமன்றமே கிளப்பை நிர்வகிக்க ஒருவரை நியமித்தது. பழைய உரிமையாளர் வெளியேற்றப்பட்டார்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். யாரும் உட்காராததால் பறவை எச்சம் படிந்து கிடந்த இருக்கைகளைத் தாங்களே கழுவினார்கள். 2019 மார்ச் 9, சவுத்எண்ட் அணிக்கு எதிரான ஆட்டம். சில ஆயிரம் பேரோடு வெறிச்சோடிக் கிடந்த இடத்தில் அன்று 15,871 பேர். ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. அந்தச் சமனை ஒரு கோப்பையைப்போலக் கொண்டாடினார்கள். சில மாதங்களில் கிளப்பை வாங்கியவர் யார்? அதே ஊரில் பிறந்த ஒரு ரசிகர்.

உங்களில் அரசியல் ஆர்வம் உள்ளவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகவே இந்தக் கதை. ஒரு கால்பந்து மைதானத்துக்காகக் கட்சி தொடங்கித் தேர்தலில் நின்ற ரசிகர்களைத் தெரியுமா? தென்கிழக்கு லண்டனில் சார்ல்டன் அத்லெடிக். அதன் மைதானத்தின் பெயர் வேலி. 1985 செப்டம்பரில் ஆட்டம் பார்க்க வந்த ரசிகர்கள் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார்கள். என்ன செய்தி? இனிமேல் நம் ஆட்டங்கள் இங்கே இல்லை, சில மைல் தள்ளி கிரிஸ்டல் பேலஸ் அணியின் மைதானத்தில் நடக்கும். அவ்வளவுதான். கேட்டார்களா? இல்லை. துண்டுச்சீட்டில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

வேலியில் புல்லும் புதரும் மண்டியது. 1989-இல் ரசிகர்கள் கூடி அந்தப் புதரை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். கிளப்பே திரும்பிவரத் தயாரானபோது, மைதானத்தைப் புதுப்பிக்கும் திட்டத்துக்குக் கிரீனிச் நகர மன்றம் அனுமதி மறுத்தது. அப்படியா? நகர மன்றம்தானே தடை? அந்த நகர மன்றத்துக்கே போட்டியிடுவோம் என்றார்கள். 1990 மே மாதத் தேர்தலில் வேலி கட்சி பிறந்தது. ஏறக்குறைய எல்லா வார்டிலும் வேட்பாளர்கள். விளம்பரத் துறையில் வேலை பார்த்த ரசிகர்கள் சுவரொட்டி எழுதினார்கள். விழுந்த வாக்குகள் 14,838. ஏறக்குறைய நூற்றுக்குப் பதினொன்று. இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அனுமதி மறுத்த குழுவின் தலைவர் தன் இடத்தை இழந்தார். நகர மன்றத்துக்குச் செய்தி புரிந்தது. அடுத்த ஆண்டு அனுமதி வந்தது. 1992 டிசம்பர் 5 அன்று சார்ல்டன் தன் வீட்டுக்குத் திரும்பியது. போர்ட்ஸ்மத்துக்கு எதிராக 1-0.

அந்தப் பக்கம் லிவர்பூல். 2016 பிப்ரவரி. அடுத்த சீசனுக்கு மிக உயர்ந்த டிக்கெட் விலை 77 பவுண்டு என்று அறிவிப்பு. ரசிகர்கள் முடிவு செய்தார்கள்: சண்டர்லேண்ட் அணியுடனான ஆட்டத்தில், சரியாக 77-ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறுவது. அணி 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது. சுமார் பத்தாயிரம் பேர் எழுந்தார்கள், நடந்தார்கள். மிச்ச நேரத்தில் எதிரணி இரண்டு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது! சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதமே, வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் ரசிகர்களுக்கு டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து வரம்பு கட்டின.

போராட்டம் என்றால் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை 2010-இல் வாங்கியது நம் நாட்டின் புனேயைச் சேர்ந்த, கோழி வளர்ப்புத் தொழிலில் பேர்பெற்ற வெங்கீஸ் நிறுவனம். 1995-இல் லீக் சாம்பியனாக இருந்த பிளாக்பர்ன், 2012 மே மாதம் பிரீமியர் லீகிலிருந்து வெளியேறியது. வெளியேறிய அந்த ஆட்டத்தின்போது கிளப் கொடி போர்த்திய கோழி ஒன்றை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். உலகமே சிரித்தது. அந்த ஊர் சிரிக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் ரசிகர்களின் வசை பெரும்பாலும் யார் மேல் விழுந்தது? அணியின் மேலாளர் ஸ்டீவ் கீன் மேல். அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். முடிவெடுத்தவர்கள் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தார்கள். கையெட்டும் தூரத்தில் இருப்பவனை அடிப்பது போராட்டம் ஆகாது. 2020 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் நிர்வாகி ஒருவரின் வீட்டின் மேல் தீப்பொறிக் குழல் வீசினார்கள். அது குற்றம். அதைச் செய்தவர்கள் பச்சை-பொன் துண்டு போட்ட அத்தனை பேரின் மரியாதையைக் கெடுத்தார்கள்.

இவ்வளவும் இங்கிலாந்துக் கதை. ஜெர்மனியில் ரசிகன் நிற்கும் இடமே வேறு. அங்கே கிளப்புகளில் பெரும்பாலானவற்றில் 50 விழுக்காட்டுக்கு மேல் ஒரு வாக்காவது உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போல ஒரு சில விதிவிலக்குகள் உண்டு. பணக்காரர் வரலாம், பணம் போடலாம். கடைசிச் சொல் உறுப்பினர்களுடையது. 2023 டிசம்பரில், லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் 8 விழுக்காட்டை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்று 36 கிளப்புகளிடையே வாக்கெடுப்பு நடந்தது. தேவை 24 வாக்கு. கிடைத்தது மிகச் சரியாக 24. வாக்கெடுப்பு ரகசியம். ஹனோவர் கிளப்பின் உறுப்பினர் அமைப்பு எதிர்த்து வாக்களிக்கச் சொல்லியிருந்தது, அதன் பிரதிநிதி ஆதரித்து வாக்களித்துவிட்டார் என்ற சந்தேகம் நாடெங்கும் பரவியது.

அப்புறம் பாருங்கள்! முதலில் பன்னிரண்டு நிமிட மௌனம். மௌனம் பலிக்கவில்லை. டென்னிஸ் பந்துகள் பறந்து வந்தன. காசு வடிவச் சாக்லேட்டுகள் மழையாகக் கொட்டின. ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்கள் புகை கக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றின. பெர்லினில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் நின்றது. எந்த அணியின் ரசிகன் என்ற பேதமே இல்லை; ஜென்ம விரோதிகள் ஒரே கோரிக்கையோடு நின்றார்கள். 2024 பிப்ரவரி 21 அன்று லீக் முதலீட்டு நிறுவனத்துடனான பேச்சுவார்த்தையையே கைவிட்டது. அங்கேயும் சிலர் அந்த ஹனோவர் பிரதிநிதியின் முகத்தைத் துப்பாக்கிக் குறிக்குள் வரைந்து காட்டினார்கள். அதுவும் கண்டிக்க வேண்டியதுதான்.

இங்கிலாந்தும் பாடம் கற்றது. 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று ஒரு சூப்பர் லீக் அறிவித்தன. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் பின்வாங்கின. அந்தக் கொதிப்பு ஆய்வுக் குழுவாகி, அறிக்கையாகி, 2025 ஜூலையில் சட்டமாகவே ஆகிவிட்டது. கால்பந்துக்குத் தனி ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. கிளப்பின் சின்னத்தையும், சொந்த மைதானத்தில் அணியும் சட்டையின் நிறத்தையும் மாற்ற வேண்டுமானால் ரசிகர்களின் ஆதரவு வேண்டும். மைதானத்தை நினைத்தபடி விற்க முடியாது. 2012-இல் கார்டிஃப் கிளப்பின் மலேசிய உரிமையாளர் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் போராடி நீலத்தை மீட்க 2015 ஆயிற்று. அந்தச் சட்டம் அன்றே இருந்திருந்தால் அவர் ரசிகர்களைக் கேட்டுவிட்டுத்தான் கை வைத்திருக்க முடியும்.

நம் நாட்டில்? கொல்கத்தாவுக்கு வாருங்கள். 1889-இல் பிறந்த மோகன் பகான். 1911-இல் வெள்ளையரின் ராணுவ அணியைப் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி வீழ்த்திய அணி. 2020-இல் அந்த அணியின் கால்பந்துப் பிரிவு ஏடிகே என்ற, சில வருடங்களுக்கு முன் தோன்றிய அணியோடு இணைக்கப்பட்டது. 80 விழுக்காடு பங்கு வணிகக் குழுமத்துக்கு, 20 விழுக்காடு பழைய கிளப்புக்கு. பெயருக்கு முன்னால் ஏடிகே ஒட்டிக்கொண்டது. அந்த மூன்றெழுத்தை எடுங்கள் என்பதுதான் ரசிகர்களின் ஒரே கோரிக்கை. வேறொன்றும் கேட்கவில்லை. அணி நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மூன்று ஆண்டு விடாமல் கேட்டார்கள். 2023 மார்ச்சில் அணி இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்ற அன்று, உரிமையாளரே அந்தப் பெயரை நீக்குவதாக அறிவித்தார். எதிர்முகாமான ஈஸ்ட் பெங்காலில் 2021 ஜூலையில், முதலீட்டாளருடனான ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் இழுபட்டபோது, கிளப் வாசலில் திரண்ட ரசிகர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியது.

இரண்டும் நூறு வருடப் பழைய கிளப்புகள். உறுப்பினர்கள் உண்டு, தேர்தல் உண்டு. அவர்களுக்கே ஒரு பெயரை மீட்க மூன்று ஆண்டும், ஒரு கேள்வி கேட்கத் தடியடியும் தேவைப்பட்டன. நேற்று முளைத்த அணிகளின் ரசிகர்களுக்கு உறுப்பினர் அட்டையும் இல்லை, வாக்கும் இல்லை. பெயர், நிறம், சின்னம், மைதானம் இந்த நான்கையும் ரசிகர்களின் ஒப்புதல் இல்லாமல் தொடக் கூடாது என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிகளில் எழுதி வைக்க வேண்டும். அதைக் கேட்கும் கடிதம் ஒன்றை இந்த அரங்கின் வாசலில் வைத்திருக்கிறோம். படித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் கையெழுத்திடுங்கள்.